வாங்கும்போது சாம்பல், இப்போது பாதி கறுப்பு: சாரைகள் வளர வளர நிறம் மாறுவது பற்றி

தாழை:

எல்லோருக்கும் வணக்கம். பாம்பு வளர்ப்பது எனக்கு இதுவே முதல் முறை. பதினான்கு மாதங்களுக்கு முன் வட அமெரிக்கக் கருஞ்சாரைக் குட்டி ஒன்றை வாங்கினேன். வந்தபோது பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், நீளம் முப்பது சென்டிமீட்டர் இருக்கும். வெளிர் சாம்பல் உடம்பு, முதுகு நெடுகிலும் கரும்பழுப்புத் திட்டுகள். நெற்றியில் ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை ஒரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் இந்தக் குட்டியையே தேர்ந்தெடுத்தேன். "கருஞ்சாரை என்கிறீர்கள், கறுப்பையே காணோமே" என்று விற்றவரிடம் கேட்டேன். "வளர்ந்தால் வரும்" என்றார்.

கடைசியாக உரித்த மூன்று நான்கு சட்டைகளில் ஏதோ நடக்கிறது. திட்டுகளுக்கு இடையிலுள்ள சாம்பல் நாளுக்கு நாள் அழுக்கேறியது போல் இருக்கிறது. வால் பக்கம் திட்டு எது, இடைவெளி எது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நெற்றிப் பட்டையும் கரைந்துகொண்டே வருகிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள், சட்டையை ஒரே துண்டாகத்தான் உரிக்கிறாள். ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும் "தோலில் ஏதோ நோய்" என்கிறார்கள். எனக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. இது வளர்ச்சியா, நோயா?

நெடுவழி:

பயப்படாதீர்கள் தாழை. நீங்கள் எழுதியிருப்பது நோயின் அடையாளம் அல்ல. கருஞ்சாரை கருஞ்சாரையாக மாறும் வழியே இதுதான்.

என்னிடம் இருக்கும் ஆண் பாம்புக்குப் பதினாறு வயது. அவனும் சாம்பல் குட்டியாகத்தான் வந்தான். முதல் ஆண்டில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் இடைவெளிகள் இருண்டன. மூன்றாம் ஆண்டின் முடிவில் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே திட்டுகள் தெரிந்தன. எல்லாப் பாம்புக்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஒரே முட்டைத் தொகுதியில் பொரித்த உடன்பிறப்புகளே ஓராண்டு முன்பின்னாகக் கறுக்கும்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அவள் நன்றாகச் சாப்பிட்ட மறுநாள், இரை இருக்கும் இடத்தில் உடம்பு உப்பி, செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கும். அந்த இடுக்கில் உள்ள தோலைக் கவனியுங்கள். அங்கே வெள்ளை தெரியும், சில பாம்புகளில் மஞ்சளோ சிவப்போ கூடத் தெரியும். முழுக்கக் கறுத்துவிட்ட என் கிழவனிடம் இன்றைக்கும் அது தெரிகிறது. செதிலின் முகம் கறுத்திருக்கிறது, இடுக்கு கறுக்கவில்லை. குட்டிப் பருவத்தின் திட்டு எங்கே இருந்ததென்று அந்த வெள்ளைப் புள்ளிகளின் அடர்த்தியை வைத்தே நான் விரல் வைத்துக் காட்டுவேன்.

தாடையும் தொண்டையும் மட்டும் கடைசி வரை வெள்ளையாகவே இருக்கும். அங்கே கறுப்பு வரவில்லையே என்று பிறகு கவலைப்பட வேண்டாம்.

வேம்பு:

நெடுவழி ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் "வளர்ந்தால் வரும்" என்ற சொல்லை வைத்து விற்பவர்கள் ஏமாற்றுவதும் நடக்கிறது. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் "கருஞ்சாரை" வாங்கினார். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றரை மீட்டர் நீளம். இன்னமும் சாம்பல், இன்னமும் திட்டு, கறுப்பு வரவே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நெடுவழி:

உங்கள் நண்பரிடம் இருப்பது சாம்பல் சாரையாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாந்தரோபிஸ் ஸ்பிலாய்ட்ஸ் என்ற அறிவியல் பெயரால் அறியப்பட்டது. அது குட்டிக்கால உடையை வாழ்நாள் முழுவதும் கழற்றுவதே இல்லை. அந்த இனத்தின் அழகே அதுதான். கருஞ்சாரைக் குட்டியையும் சாம்பல் சாரைக் குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நானே தடுமாறுவேன். விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றியிருக்கலாம், தெரியாமலும் விற்றிருக்கலாம்.

டெக்சாஸ் சாரையும் அப்படித்தான். மஞ்சளோ செம்மஞ்சளோ கலந்த உடம்பில் திட்டுகள் அழியாமல் தங்கிவிடும், தலை மட்டும் கருஞ்சாம்பலாகும். மஞ்சள் சாரை வேறு கதை. திட்டுகள் மங்கி, நீளவாக்கில் நான்கு கோடுகள் எழும். எவர்கிளேட்ஸ் சாரை ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விடும், அதன் நாக்குகூடச் சிவப்பாக இருக்கும். இவை அத்தனையும் வட அமெரிக்காவின் ஒரே குடும்பக் கொத்து. குட்டியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரே சாயல்; வளர்ந்தபின் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போன்ற தோற்றம். அதனால் குட்டியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தாய் தந்தையின் படத்தைக் கேளுங்கள். நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

நுண்நோக்கி:

இந்தக் கொத்தைப் பற்றி ஒரு தகவல் சேர்க்கிறேன். நான் உயிரியல் ஆசிரியர், வகுப்பில் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு இது. நெடுங்காலமாக இந்தச் சாரைகளை நிறத்தை வைத்தே உட்பிரிவுகளாகப் பிரித்துவந்தார்கள். கறுப்பா ஒரு பிரிவு, மஞ்சள் கோடா இன்னொன்று. 2000-2001-ல் பிராங்க் பர்பிரிங்க் என்ற ஆய்வாளர் இவற்றின் டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் ஆராய்ந்து, நிறப் பிரிவுகளும் பரம்பரைக் கிளைகளும் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். ஒரே கிளைக்குள் கறுப்பும் உண்டு, மஞ்சளும் உண்டு. அதற்குப் பிறகு பெயர்கள் பலமுறை மாறிவிட்டன. பழைய நூல்களில் இந்தக் கொத்துக்கு எலாஃபே என்று இருப்பதை இப்போது பாந்தரோபிஸ் என்று படிக்க வேண்டும்.

சரி, நிறத்துக்கு வருவோம். பாம்பின் தோலில் நிறம் தரும் செல்கள் முக்கியமாக மூன்று வகை. கறுப்பும் பழுப்பும் தருபவை மெலனின் செல்கள். மஞ்சளும் சிவப்பும் தருபவை இன்னொரு வகை. மூன்றாவது வகையில் நிறமியே கிடையாது. குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும், அவை ஒளியைச் சிதறவைத்து நீலமும் வெள்ளியும் காட்டும். இந்த மூன்றின் விகிதமும் அடுக்கும் பாம்பு வளர வளர மாறுகின்றன. நாம் "நிறம் மாறுகிறது" என்று சொல்வது அதைத்தான்.

கருஞ்சாரையில் திட்டு அழிவதாகப் பலரும் நினைக்கிறார்கள். திட்டு அழிவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் வெளிர்ப் பகுதியில் மெலனின் பெருகிப் பெருகித் திட்டின் அளவுக்கு இருள்கிறது. மையால் எழுதிய தாளின் மீது மைக்கூட்டைக் கவிழ்த்தால் எழுத்து அழிந்ததா, மூழ்கியதா? மூழ்கியது. நெடுவழி சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பது அந்த மூழ்கிய எழுத்தைத்தான்.

மஞ்சள் சாரையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே திட்டுகள் உண்மையாகவே வெளிறுகின்றன. ஒரே கொத்து, ஒரே குட்டி உடை, இரண்டு எதிர்த்திசைகள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

தாழை:

இதைப் படித்தபின்தான் மூச்சே வந்தது. நன்றி ஐயா, நன்றி நுண்நோக்கி. ஒரு சந்தேகம். சட்டை உரிக்கும்போது பழைய நிறம் சட்டையோடு போய், புது நிறம் வருகிறதா? ஒவ்வொரு முறை உரித்த பிறகும் ஒரு படி கறுத்திருக்கிறாளே!

நுண்நோக்கி:

நல்ல கேள்வி. சட்டை என்பது மேல்தோலின் இறந்த அடுக்கு மட்டுமே. நிறச் செல்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே, உள்தோலில் இருக்கின்றன. அவை சட்டையோடு போவதில்லை. உள்ளே மாற்றம் அன்றாடம் நடந்துகொண்டே இருக்கிறது. பழைய சட்டை தேய்ந்து, கீறல் விழுந்து, மங்கிய கண்ணாடி போல மேலே கிடப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. கண்ணாடியை மாற்றியதும் அதுவரை நடந்த மாற்றமெல்லாம் ஒரே நாளில் கண்ணில் படுகிறது.

ஆனாலும் மெலனின் கொஞ்சம் மேல்தோலுக்கும் ஏறும். அதனால்தான் உரித்த சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் திட்டுகளின் நிழல் மெல்லிய புகைபோலத் தெரிகிறது. உங்கள் பாம்பின் சட்டைகளை எடுத்துவைத்திருந்தால் வரிசையாக விரித்துப் பாருங்கள்.

மழைநாள்:

இடையில் ஒரு கேள்வி. நாம் வழக்கமாகச் சாரைப்பாம்பு என்று சொல்வதும் இவையும் ஒன்றா?

நெடுவழி:

ஒன்றல்ல. தெற்காசியாவின் சாரை தியாஸ் என்ற பேரினம், அது வேறு கிளை. எலி பிடிக்கும் பெரிய, நஞ்சில்லாத பாம்புகள் என்பதால் பொதுப்பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த இழையில் நாம் பேசுவது வளர்ப்பில் பிறந்த பாந்தரோபிஸ், எலாஃபே, கோன்யோசோமா போன்ற பேரினங்களைப் பற்றி. காட்டிலோ வயலிலோ கண்ட பாம்பைப் பிடித்துவந்து பெட்டியில் அடைப்பதைப் பற்றி அல்ல. அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

கொம்புமூக்கன்:

கறுப்பாவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பச்சையாவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

என்னிடம் காண்டாமிருகச் சாரை ஒரு ஜோடி இருக்கிறது. வட வியட்நாமும் தென் சீனாவும் இவற்றின் தாயகம். மூக்கு நுனியில் செதில் மூடிய மெத்தென்ற கொம்பு நீண்டிருக்கும். குட்டியாக இருந்தபோது இரண்டும் காய்ந்த சருகு போலப் பழுப்புச் சாம்பல், முதுகுச் செதில்கள் சிலவற்றின் ஓரத்தில் கறுப்பு. அழகு என்று சொல்ல அந்தக் கொம்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஓராண்டு ஆகும்போது பழுப்பு முற்றிலும் வடிந்து, எஃகுக் கம்பி போல ஒரு சாம்பல் வந்தது. அதுவே முடிவு என்று நினைத்திருந்தேன்.

பதினைந்தாம் மாதம் ஒரு காலை, தண்ணீர் மாற்றும்போது பெண் பாம்பு கிளையில் கழுத்தை வளைத்திருந்தது. அந்த வளைவில் செதில்களுக்கு நடுவே ஒரு நீலப்பச்சை. வெளிச்சத்தின் மாயம் என்றுதான் முதலில் நினைத்தேன். இடம் மாறி நின்று பார்த்தேன், அப்படியே இருந்தது. அதற்கடுத்த ஆறு மாதங்களில் அந்தப் பச்சை உடம்பு முழுவதும் பரவியது. இரண்டு வயதில் அவள் இளந்தளிர் நிறம். ஆண் பாம்பு இன்னும் எஃகு நிறத்திலேயே நிற்கிறான். சில பாம்புகள் கடைசி வரை அப்படியே நின்றுவிடும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இவை மலைக்காட்டுப் பாம்புகள், சூடு தாங்காதவை. "வெப்பம் கூட்டினால் சீக்கிரம் பச்சையாகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறத்துக்கு ஆசைப்பட்டு உயிரைப் பணயம் வைப்பது அது.

நுண்நோக்கி:

கொம்புமூக்கன் சொன்ன நீலப்பச்சையை இன்னொரு முறை படியுங்கள். பச்சை நிறமி என்று தனியாக ஒன்று பெரும்பாலான பச்சைப் பாம்புகளில் இல்லை. கீழே படிகங்கள் நீலத்தைத் திருப்பி அனுப்புகின்றன, மேலே மஞ்சள் நிறமி ஒரு வடிகட்டியாக நிற்கிறது, இரண்டும் சேர்ந்து பச்சையாகிறது. பச்சைப் பாம்புகளை அருங்காட்சியகங்களில் ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் மஞ்சள் கரைந்து நீலமாகிவிடுவது இதனால்தான். உங்கள் பெண் பாம்பின் கழுத்தில் நீலச் சாயல் முதலில் தெரிந்ததற்கும், மஞ்சள் இன்னும் முழுதாகச் சேராததே காரணமாக இருக்கலாம்.

செம்மணி:

கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், யாரும் வாய் திறக்கவில்லையே! அதுவும் இந்தக் குடும்பம்தான், பாந்தரோபிஸ் கட்டேட்டஸ். நான் பதினோரு ஆண்டுகளாக இனப்பெருக்கம் செய்துவருகிறேன். "குட்டி படத்தில் இருந்தது போல் இல்லை" என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண நிறக் குட்டியைப் பாருங்கள். திட்டுகள் அடர் பழுப்பு, இடையில் சாம்பல், கழுத்தில் திட்டுகளுக்கு நடுவே மட்டும் ஆரஞ்சு பொட்டு. படத்தில் பார்த்த செந்நிறப் பாம்பை எதிர்பார்த்து வாங்கியவர் முகம் வாடிவிடும். அந்த ஆரஞ்சு பொட்டுதான் வரப்போவதற்கு முன்னறிவிப்பு. ஒவ்வொரு சட்டையிலும் அது பரவும். இரண்டாம் ஆண்டில்தான் பாம்பு தன் சொந்த நிறத்துக்கு வரும்.

"பிளட் ரெட்" என்று விற்கும் வகையின் குட்டி இதைவிட ஏமாற்றம் தரும். தலை சாம்பலாக இருக்கும். முதுகில் மங்கலான திட்டுகள் இருக்கும், பெயருக்கு ஏற்ற சிவப்பைத் தேட வேண்டும். வளர வளரத் திட்டுகள் உடம்பின் சிவப்பில் கரைந்து, ஒரே நிறமாகும். பொறுமை இல்லாதவர் அதை வாங்கக் கூடாது.

சிவப்பு நிறமியே இல்லாத வகை கறுப்பும் சாம்பலுமாகப் பிறக்கும். வாங்கியவர் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போன்ற பாம்பை விரும்பித்தான் வாங்கியிருப்பார். ஓராண்டில் தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் மஞ்சள் படரும். நோய் என்று அலறி எழுதுவார்கள். நோய் அல்ல, அந்த வகைக்கு அது இயல்பு. கறுப்பும் சிவப்பும் இரண்டுமே இல்லாத "ஸ்நோ" வகையிலும் அதே மஞ்சள் வரும்.

மெலனின் இல்லாத வகைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1953-ல் வட கரோலினாவில் காட்டில் பிடிபட்ட ஒரு பாம்பிலிருந்து தொடங்கியது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதை வைத்து இனப்பெருக்கம் செய்து, இந்தக் குணம் ஒடுங்கு மரபாக, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும்படி, கடத்தப்படுகிறது என்று 1962-ல் எழுதினார். எந்த மரபணுவில் பழுது என்பது 2015-ல்தான் தெரிந்தது. ஓ.சி.ஏ.2 என்ற மரபணுவுக்குள் இடம்மாறும் டி.என்.ஏ.த் துண்டு ஒன்று நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களிலும் இதே மரபணு பழுதானால் நிறமிக் குறைபாடு வரும். என் பெட்டியில் சுருண்டு கிடக்கும் சிவப்புப் பாம்புக்கும் மனிதத் தோலுக்கும் ஒரே எழுத்துகளில் எழுதிய கணக்கு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வேம்பு:

செம்மணி அக்கா, கழுத்து மஞ்சளைப் பற்றி ஒரு கேள்வி. அது இரையில் உள்ள கரோட்டினாய்டால் வருவது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் எலிகளுக்குக் கேரட்டும் சிவப்பு மிளகாய்ப் பொடியும் கொடுத்து வளர்த்தால் பாம்பின் சிவப்பும் மஞ்சளும் கூட வேண்டும் அல்லவா? பூநாரைக்கு உணவால்தானே இளஞ்சிவப்பு நிறம் வருகிறது? சிலர் இதைச் செய்து பலன் கண்டதாகவும் சொல்கிறார்கள்.

செம்மணி:

தம்பி, அந்தச் "சிலர்" ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்த குட்டிகளில் பாதிக்கு அந்த எலியும் பாதிக்குச் சாதாரண எலியும் கொடுத்து ஒப்பிட்டார்களா? நான் கேட்ட எவரும் செய்யவில்லை. குட்டி எப்படியும் இரண்டாண்டில் சிவக்கத்தான் போகிறது. எதைக் கொடுத்தாலும் "அதனால்தான் சிவந்தது" என்று தோன்றும்.

நுண்நோக்கி:

வேம்பு கேட்டதில் பாதி சரி. கரோட்டினாய்டை எந்த முதுகெலும்பு விலங்கும் தானே தயாரிப்பதில்லை, உணவின் வழியாகவே வர வேண்டும். ஆனால் மஞ்சள் சிவப்புக்கு இன்னொரு மூலமும் இருக்கிறது. டெரிடின் என்ற நிறமியை உடலே தயாரித்துக்கொள்ளும். எலி மட்டும் தின்று வளரும் பாம்புகள் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பாகவே இருப்பதைப் பார்க்கிறோம். எவ்வளவு சேர்க்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்பது மரபில் எழுதியிருக்கிறது. பூநாரையை அளவுகோலாக எடுத்தால் வழி தவறும்.

வேம்பு:

ஒப்பீடு இல்லாமல் நம்பியது என் தவறு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நன்றாகச் சாப்பிட்டு வேகமாக வளரும் பாம்பு சீக்கிரம் நிறம் மாறுகிறது என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

நெடுவழி:

வயதோடு உடல் அளவுக்கும் பங்கு இருப்பதாகத்தான் என் அனுபவமும் சொல்கிறது. ஆனால் அதற்காகத் திணிக்காதீர்கள். திணித்து வளர்த்த பாம்புகளை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வாலடியில் கொழுப்பு மேடு தட்டும், செதில்கள் எப்போதும் விலகியே நிற்கும். நிறம் மூன்று ஆண்டில் வந்தால் என்ன, நான்கு ஆண்டில் வந்தால் என்ன? இருபது ஆண்டு வாழக்கூடிய உயிர் இது.

கார்முகில்:

நான் சொல்வது கொஞ்சம் வேறு. என் மஞ்சள் சாரையை அதன் திட்டுகளுக்காகவே வாங்கினேன். வரைவது என் தொழில். அந்தத் திட்டுகளின் ஒழுங்கு என்னைப் பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு முறை அதை வரைந்துவந்தேன். மாறும் என்று யாரும் சொல்லவில்லை. திட்டுகள் வெளிறத் தொடங்கியபோது அழுதேன் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் ஏறக்குறைய ஒன்றரை வயதில் ஒரு நிலை வந்தது. வேறு எவரும் அதைப் பற்றி எழுதி நான் படித்ததில்லை. திட்டுகள் இன்னும் போகவில்லை, கோடுகள் வந்துவிட்டன. முதுகில் ஏணி போல இருந்தது. இரண்டு நீளக் கோடுகள் ஏணியின் கால்கள், மங்கிய திட்டுகள் அதன் படிகள். கோடு போகும் வழியில் திட்டின் இரு ஓரங்களும் மட்டும் இருண்டிருந்தன, நடுப்பகுதி வெளுத்திருந்தது. அதை வரைந்து முடிக்கவே எனக்கு மூன்று நாள் பிடித்தது. நான்கைந்து மாதம்தான் இருந்தது. இன்று அவள் தேன் நிறத்தில் நான்கு கோடுகளோடு இருக்கிறாள். அந்த ஏணி ஓவியங்களில் மட்டும் இருக்கிறது.

நான் கேட்க விரும்புவது இதுதான். எதற்காக இவ்வளவு? குட்டிக்கு ஒரு உடை, பெரிதானபின் இன்னொரு உடை எதற்கு?

நுண்நோக்கி:

கார்முகில், அந்த ஓவியங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரே பாம்பை வாரந்தோறும் பதிவு செய்தது சாதாரண வேலை அல்ல.

ஏன் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. நிறைய ஆதரவு பெற்ற விளக்கம் இது: குட்டிக்குப் பகைவர் அதிகம், வேகம் குறைவு. அதன் ஒரே பாதுகாப்பு அசையாமல் கிடப்பது. அசையாத உடம்பில் திட்டுகள் இருந்தால் உருவத்தின் விளிம்பு உடைந்து, சருகோடும் மரப்பட்டையோடும் கலந்துவிடும். கோடுள்ள உடம்புக்கு வேறு பயன். நீளக் கோடு நகரும்போது, அது நகர்கிறதா நிற்கிறதா என்று பகைவனின் கண்ணால் பிடிக்க முடிவதில்லை. கோட்டில் பார்வையைப் பதித்திருக்கும்போதே வால் நழுவிவிடும். திட்டு ஒளிவதற்கு, கோடு ஓடுவதற்கு என்ற இந்தத் தொடர்பைப் பற்றி 1970-களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். ஐரோப்பாவின் நால்வரிச் சாரையும் குட்டியில் திட்டு, பெரிதில் கோடு என்ற அதே பாதையில்தான் போகிறது.

இன்னொரு விளக்கம் வேடம். ஜப்பானியச் சாரையின் குட்டி பழுப்புத் திட்டுகளோடு, அங்குள்ள மாமுஷி என்ற நச்சு விரியனைப் போலவே இருக்கும். வளர்ந்ததும் ஆலிவ் பச்சைக்கு மாறிவிடும். ஒன்றரை மீட்டர் நீண்டபின் சிறிய விரியனின் வேடம் யாரிடமும் செல்லுபடியாகாது. இதே இனத்தில்தான் இவாகுனி நகரத்தின் புகழ்பெற்ற வெள்ளைப் பாம்புகள் இருக்கின்றன. அவை மெலனின் இல்லாமலே தலைமுறைகளாக வாழ்பவை. ஜப்பான் அவற்றை இயற்கை நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கிறது.

கறுப்புக்கு வெயிலில் சீக்கிரம் சூடேறும் பயன் இருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக் கருஞ்சாரையை விளக்கிவிட முடியாது.

மருந்துப்பெட்டி:

நான் கால்நடை மருத்துவர், ஊர்வனவற்றைப் பார்ப்பவர். தாழையின் பாம்புக்கு நோய் இல்லை என்று நெடுவழி சொன்னது சரிதான். ஆனால் இந்த இழையைப் படிப்பவர்கள் "நிறம் மாறினால் எல்லாம் வளர்ச்சி" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. என்னிடம் அப்படித் தாமதமாக வந்த பாம்புகள் உண்டு.

வளர்ச்சியால் வரும் மாற்றம் மாதக்கணக்கில் நடக்கும், உடம்பின் இரண்டு பக்கமும் சமமாக நடக்கும், செதிலின் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும், ஓரிடம் மட்டும், ஓரிரு நாளில் மாறுவது வளர்ச்சி அல்ல.

வயிற்றுச் செதில்களைத் தவறாமல் பாருங்கள். சட்டை உரிக்கும் முன் வயிறு இளஞ்சிவப்பாவதும், மேனி மங்குவதும், கண் பால்போல் நீலம் பூப்பதும் இயல்பு. சட்டை கழன்றதும் எல்லாம் மறைந்துவிடும். உரித்த பிறகும் வயிற்றில் சிவப்பு நிற்கிறது, ரத்தம் கட்டியது போல் பரவுகிறது, பாம்பு சோர்ந்து கிடக்கிறது என்றால் அது ரத்தத்தில் கிருமி பரவியதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரம் தேங்கிய படுக்கையில் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதிலில் பழுப்புக் கொப்புளம் வரும், பிறகு புண்ணாகும். வெப்பப் பலகையின் மேல் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்திருந்தால் அதே இடத்தில் தீக்காயம் வரும். மேலோடு தட்டிய மஞ்சள் பழுப்புச் செதில்கள், முகத்தில் வீக்கம், சட்டை துண்டு துண்டாக உரிதல் எல்லாம் சேர்ந்து வந்தால் பூஞ்சைத் தொற்றா என்று சோதிக்க வேண்டும்.

கருஞ்சாரை வளர்ப்போருக்குத் தனியாக ஒன்று. உண்ணிகள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். சாம்பல் குட்டியில் கண்ணுக்குத் தெரியும் அவை, கறுத்த பாம்பில் தெரியவே தெரியாது. ஈரமான வெள்ளைத் துணியை உடம்பில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். துணியில் புள்ளிகள் நகர்ந்தால் உண்ணி. கண்ணைச் சுற்றியும் தாடையின் கீழ் மடிப்பிலும் பாருங்கள். பாம்பு கறுக்கக் கறுக்க இந்தச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.

தாழை:

மருத்துவரே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய் அவளைத் தூக்கிப் பார்த்தேன். வயிறு சுத்தம். ஈரத்துணியிலும் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருள்கிறது. மிக்க நன்றி.

நெடுவழி:

தாழை, இனிமேல் படம் எடுத்து வையுங்கள். சட்டை உரித்த மூன்றாம் நாள், ஒரே ஜன்னல், ஒரே நேரம், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாள் இல்லாவிட்டால் கேமரா தன் விருப்பப்படி நிறத்தைத் திருத்திவிடும், பிறகு ஒப்பிட முடியாது. விளக்கு வெளிச்சம் வேண்டாம்.

தாழை (ஏழு மாதங்களுக்குப் பிறகு):

இழையை மீண்டும் மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். அவளுக்கு இருபத்தொரு மாதம் ஆகிறது. நீளம் தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. ஏழு மாதங்களில் ஐந்து சட்டைகள். நெடுவழி ஐயா சொன்னபடியே ஐந்து முறையும் படம் எடுத்தேன்.

நெற்றிப் பட்டை போய்விட்டது. தலை முழுவதும் ஒரே கறுப்பு. எந்தப் படத்தில் அது கடைசியாக இருந்தது என்று தேடினேன். மூன்றாவதில் இருக்கிறது, நான்காவதில் இல்லை. நடுவில் இருந்த நாட்களில் தினமும் அவளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது போன நாள் எனக்குத் தெரியவில்லை.

நேற்று முன்தினம் சாப்பிட்டாள். நேற்றுக் காலை விளக்கைப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உப்பிய இடத்தில் செதில்களின் இடுக்கில் வெள்ளை இருக்கிறது. ஓரிடத்தில் நெருக்கமாக, அடுத்த இடத்தில் அரிதாக, மறுபடி நெருக்கமாக. வாங்கிய அன்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். வெள்ளை அரிதாக இருக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் பழைய திட்டுகளோடு பொருந்துகின்றன.

சட்டைகளையும் ஜன்னலில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். முதல் சட்டையில் திட்டுகள் தனித்தனியாக நிற்கின்றன. கடைசிச் சட்டை முழுவதும் ஒரே புகை நிறம். கார்முகில், உங்களுக்கு வரையத் தேவைப்பட்டால் சொல்லுங்கள், படங்களை அனுப்புகிறேன்.

கார்முகில்:

அனுப்புங்கள். மூன்றாவது படத்தை முதலில் அனுப்புங்கள்.